பின்னால் நான்கு சக்கரம்

1974 ஜூன் 3, திங்கள்

காலையிலேயே அனல். மாங்காய் சீசன், சித்தூர் முழுக்க லாரி. என் வண்டி மட்டும் பாஷா மேஸ்திரி ஷெட்டில் கட்டைமேல். பின் அச்சு கழற்றியாகிவிட்டது.

ஒற்றைச் சக்கரத்துக்கு இருந்த போல்ட்டு ஜோடிச் சக்கரத்துக்கு எட்டவில்லை. இரண்டு ரிம்மைச் சேர்த்து மாட்டினால் நட்டுப் பிடிக்க மரை மிச்சமில்லை. நீளமாக லேத்தில் கடையச் சொல்லியிருக்கிறது.

பாஷா கேட்டார்: "மில்ட்ரி ஏலத்துல எடுத்த பிக்கப்பு. இம்மா நாளு பின்னால ரெண்டு சக்கரத்துலதானே ஓடுச்சு. இப்ப இன்னாத்துக்கு டேவிட்ணா நாலு?"

"லோடு ஜாஸ்தி ஏத்தலாம்ல."

பொய். லோடு யாருக்கு வேண்டும்?

இங்கே எழுதலாம், யார் படிக்கப்போகிறார்கள். எல்லாம் எஸ்தருக்காக. ஈஸ்டருக்கு முந்தின வாரம் நகரியில் ஒரு கல்யாணம் முடித்துத் திரும்பும்போது பின் டயர் வெடித்து வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. எனக்குக் கீறல்கூட இல்லை. என் பெண்டாட்டிக்குத் தொடை எலும்பு போயிற்று. வழியில் வந்த லாரியில் ஏற்றிப் புத்தூரில் கட்டுப் போட்டோம். மூங்கில் பத்தை வைத்து இறுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தே சொன்னாள்: "செத்தாலும் இனிமே உங்க வண்டில ஏறமாட்டேன்."

அன்றிலிருந்து புத்தூரிலேயே இருக்கிறாள், அண்ணன் சாமுவேல் வீட்டில். கட்டு மாற்ற அங்கேதான் வசதி. வண்டியை நிமிர்த்தி, வேறு டயர் போட்டு வாராவாரம் போய்ப் பார்த்தேன். மே நடுவில் கட்டைமேல் ஏற்றினேன். அதற்கப்புறம் போகவில்லை.

ஒற்றை டயர் வெடித்தால் வண்டி சாயும். ஜோடியில் ஒன்று வெடித்தாலும் மற்றது தாங்கும். அதைக் காட்டி அவளை ஏற்றிக்கொண்டு வரவேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 5, புதன்

லேத்துக்காரன் இன்று வா, நாளை வா என்கிறான். கரண்டு இல்லையாம்.

சாதம் குழைந்துவிட்டது. மறுபடியும் இரண்டு பேருக்கு அரிசி போட்டிருக்கிறேன். கை தானாக அளக்கிறது. மிச்சம் தெரு நாய்க்கு. அந்த நாய் இப்போது வாசலைவிட்டு நகர்வதே இல்லை, நல்லதுதான்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு கமலா டீச்சர் வந்தார். அம்மா வீடு புத்தூர், லீவுக்குப் போய்த் திரும்பியிருக்கிறார். எஸ்தரைப் பார்த்தாராம்.

"தடி ஊனிக்கினு நடக்கறாங்க. உங்களத்தான் கேட்டுக்கினே இருந்தாங்க."

"இன்னா கேட்டா?"

"வேளைக்கு துன்றாரான்னு."

"வேற?"

"எப்ப வருவாருன்னு."

"வண்டி ரெடியானதும் வரேன்னு சொல்லுங்க."

டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நான் இனிமே எப்ப போவேனோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நடக்கிறாளாம். அடக் கடவுளே. எழுந்து நிற்கிறாள், நான் பக்கத்தில் இல்லை. ரேடியோ போட்டேன், அணைத்தேன். வீடு பிடிக்கவில்லை.

ஜூன் 8, சனி

திருப்பதி. ரிம் வாங்க. மாங்காய் லாரி ஒன்றின் கேபினில் போனேன். பஸ்ஸில் நான் போவதில்லை. லைசென்ஸ் எடுத்த நாள் முதல் போனதில்லை. இன்னொருத்தன் ஸ்டீயரிங் பிடிக்க, நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு மூட்டைபோல உட்காருவதா? லாரி கேபின் வேறு சங்கதி. அங்கே நானும் டிரைவர், பீடி நீட்டுவான், பேசிக்கொண்டு போகலாம்.

பழைய இரும்புக் கடை. வாங்க வேண்டியவை:
குழிவான ரிம், ஒரே சைஸ், நாலு.
மட்காடுக்குத் தகடு.
எஸ்தருக்கு வளையல். (வாங்கவில்லை. அளவு மறந்துவிட்டது. இத்தனை வருஷம் பார்த்த கை!)

கடைக்காரன் தெலுங்கில், "ஜோடி காவாலா?" என்றான், ஜோடியாக வேண்டுமா என்று. "அவுனு", ஆமாம் என்றேன். ஒரு ரிம்மில் போல்ட்டு ஓட்டையை ஒட்டி விரிசல். தட்டிப் பார்த்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிட்டது. மாற்றித் தரச் சொன்னால் சத்தம் போட்டான். நானும் போட்டேன். நன்றாக இருந்தது, ரொம்ப நாளாயிற்று ஒருத்தரிடம் சத்தம் போட்டு.

மலையிலிருந்து இறங்கிய குடும்பம் ஒன்று மரத்தடியில். அப்பன், ஆத்தா, பிள்ளைகள் எல்லாம் மொட்டை. ஒரே இலையில் புளிச்சோறு, ஆளாளுக்குக் கை வைத்துத் தின்றுகொண்டு ஒருத்தர் மொட்டையை ஒருத்தர் தட்டிச் சிரிப்பு. ரிம்மைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளும் இல்லையென்றால் நான் யாருடன் உட்கார்ந்து தின்பேன்?

இங்கிருந்து ரேணிகுண்டா தாண்டினால் புத்தூர். எட்டும் தூரம். ஆனால் வண்டி இல்லாமல், ரிம்மைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பதா? சக்கரம் மாட்டி முழுசாகப் போவோம் என்று சித்தூர் லாரியில் ஏறினேன்.

ஜூன் 9, ஞாயிறு

கோயில். பெண்கள் பக்கம் எஸ்தர் உட்காரும் இடத்தில் யாரோ புதுப் பெண், கைக்குழந்தையோடு. பாட்டுக்கு எழுந்தபோது அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன், பழக்கம்.

போதகர் வாசலில் கை கொடுத்து, "வீட்டம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா கீறாங்க ஐயா, நடக்கறாங்க" என்றேன், நேரில் பார்த்தவன் மாதிரி. கர்த்தர் மன்னிப்பார். எஸ்தர் மன்னிப்பாளா தெரியாது.

ஞாயிறு ஷெட் லீவு. மத்தியானம் போகவே மாட்டேன் என்கிறது. உப்பு ஜாடி கிடைக்கவில்லை, "எங்கடி வெச்ச?" என்று கத்தினேன். நாய் எழுந்து வாலாட்டியது.

ஜூன் 12, புதன்

மேகம் வந்தது, மழை இல்லை. போல்ட்டு வந்தது, ஒருவழியாக.

டயர் பொறுக்கும் வேலை. பாஷா இரண்டிரண்டாக நிற்கவைத்து மேலே பலகையைப் போட்டுப் பார்க்கிறார், சமமாக நிற்கிறதா என்று. "ஜோடில ஒண்ணு ஒசரம் ஒண்ணு குள்ளம்னா, மொத்த பாரமும் ஒசரத்து மேல. அது சூடாயி வெடிச்சிடும்." ஒரு டயரைத் திருப்பிக் கொடுத்தோம்.

உள் டயருக்குக் காற்றுப் பிடிக்கும் வாய் வெளியே கைக்கு எட்டும்படி ரிம்மைத் திருப்பி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் வெளிச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். இதெல்லாம் எனக்கே தெரியும், ஆனாலும் அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இடது பக்கம் மாட்டியதும் பாஷா சக்கரத்தைத் தட்டி, "வண்டிக்கு ஜோடி சேத்தாச்சி. டேவிட்ணாக்கு எப்போ?" என்றார். ஷெட்டே சிரித்தது. சுர்ரென்று வந்தது எனக்கு. ஸ்பானரை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஷெட்டில் ஐந்து மணிக்குமேல் எனக்கு வேலையில்லை. இருந்தேன். ஷட்டரை இழுக்கும்வரை இருந்தேன். "வூட்டுக்குப் போ டேவிட்ணா" என்றார் பாஷா. போய் என்ன செய்ய?

ஜூன் 15, சனி

வண்டி தரையில் இறங்கியது. பின்னால் நான்கு சக்கரம், புது மட்காடு. பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. வேலூர் ரோட்டில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம்.

முதல் பள்ளத்திலேயே என் தலை கூரையில் இடித்தது. அடுத்ததில் பாஷா தலை. வண்டியா இது, பேய் பிடித்த கழுதை! பின்பக்கம் எகிறி எகிறி விழுகிறது. ஒடிந்து சேர்ந்த எலும்போடு ஒருத்தியை இதில் ஏற்றினால் மறுபடி ஒடியும்.

"இன்னா மேஸ்திரி இது?"

"காலி வண்டி எகிறத்தான் செய்யும். லோடு ஏத்தணும்னு நீதானே சொன்னே? ஸ்பிரிங் பட்டைல ஒரு தகடு ஜாஸ்தி போட்டுகீறேன். மூட்டை ஏத்திப் பாரு, பஞ்சு மாரி போவும்."

நான் சொன்ன பொய் என்னையே தூக்கி அடிக்கிறது. ரோட்டோரம் நிறுத்தினேன். எஸ்தரை மெத்தையில் படுக்கவைத்துக் கூட்டிவரத்தான் இத்தனையும் என்று சொன்னேன். அவள் அன்று சொன்னதையும் சொன்னேன். 

பாஷா பீடியை அணைத்துவிட்டார். "மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நானும் கிண்டல் பண்ணிக்கினு இருந்தேன்." இறங்கிப் பின்பக்கம் குனிந்து பார்த்தார்: "அந்தத் தகட்ட எடுத்துடலாம். போம்போது மணல் மூட்டை போட்டுக்க. பாரம் இருந்தா அமுங்கிப் போவும்."

ஜூன் 17, திங்கள்

தகடு எடுத்தாயிற்று. ஆர்.சி. புக்கில் மாற்றம் எழுத பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி. குனிந்து பார்த்தார், உதைத்துப் பார்த்தார்.

"எந்துக்கய்யா ஈ பண்டிக்கி நாலுகு டைர்லு?" இந்த வண்டிக்குப் பின்னால் எதற்கு நாலு டயராம்.

லோடு என்று சொல்ல வாயெடுத்தேன். "பார்யா கோசம் சார்" என்று வந்துவிட்டது. பெண்டாட்டிக்காக. ஆபீஸே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். அவமானம். ஆனால் வேலை முடிந்தது.

வீடு பெருக்கினேன். அவளுடைய தலையணை உறையைத் துவைத்துப் போட்டேன். வியாழக்கிழமை புத்தூர்.

ஜூன் 20, வியாழன்

எழுதத் தோன்றவில்லை. எழுதாவிட்டால் பேச ஆள் இல்லை.

விடிந்ததும் மணல் மூட்டை ஏற்றி, மேலே மெத்தை, தலையணை. கார்வேட்நகரம் வழியாகப் போனேன். தொட்டில் மாதிரி போனது வண்டி.

சாமுவேல் வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், தடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இளைத்துவிட்டாள். நான் இறங்கி நேரே பின்சக்கரத்துப் பக்கம் போய் நின்று, கையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்று வெடித்தால் ஒன்று தாங்கும், சாயாது, மணல் இருப்பதால் குலுங்காது. ஒப்பிக்கும் பையன் மாதிரி சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"திருப்பதி வரைக்கும் வந்தீங்களாமே. ரிம்மு ஏத்திக்கினு லாரில போறத அண்ணன் பாத்தாரு."

"ஆமா."

"அங்கேர்ந்து இங்க எம்மா தூரம்?"

"வண்டி கட்டைமேல நின்னுச்சு எஸ்தர்."

"வண்டி நின்னுச்சு சரி. உங்க காலுக்கு இன்னா வந்துச்சு? ஒடஞ்சது என் காலுதானே?"

"நீதானே வண்டில ஏறமாட்டேன்னு சொன்ன" என்றேன்.

"வலில சொன்னேன். அத்தப் போயி புடிச்சிக்கினு! சக்கரம் வேணும்னு நான் கேட்டனா? மொத தடவ எழுந்து நின்னப்ப ரோட்டயே பாத்துக்கினு இருந்தேன். பஸ்ஸு வருது, போவுது, எல்லாரும் எறங்கறாங்க. நீங்க மட்டும் எறங்கல. சும்மா வந்து பக்கத்துல உக்காந்துட்டுப் போறதுக்கு எத்தினி சக்கரம் வேணும்?"

மெத்தையைப் பார்த்தாள். "பொணத்த ஏத்தற மாரி விரிச்சி வெச்சிகீறீங்க. நான் வரல. போய் வாங்க."

சாமுவேல் மனைவி காபி கொடுத்தார், விருந்தாளிக்கு எடுக்கும் டம்ளரில். நின்றபடியே குடித்தேன்.

திரும்பும்போது வண்டி கொஞ்சம்கூடக் குலுங்கவில்லை. அதுவே தாங்கவில்லை. ஆள் நடமாட்டமே இல்லாத ரோட்டில் நிறுத்தி அழுதேன்.

ஜூன் 21, வெள்ளி

தூறல். மணலை இறக்கினேன். மண்டியிலிருந்து ஆள் வந்தான், ஞாயிற்றுக்கிழமை மாங்காய் லோடு இருக்கிறது, நாலு சக்கரம் போட்டுவிட்டீர்களாமே என்று. ஞாயிறு முடியாது என்றேன்.

பாஷா: "அக்கா ஏறினாங்களா?"

"இல்ல."

அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜூன் 23, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்ட். எந்தப் பக்கம் நிற்பது என்றுகூடத் தெரியவில்லை, பூக்காரியிடம் கேட்டேன்.

கண்டக்டர் தெரிந்தவன். "டேவிட்ணா! நீயா? வண்டிக்கு இன்னா ஆச்சு?"

"வண்டி நல்லா கீது. ஒரு புத்தூரு குடு."

ஜன்னல் ஓரம் கிடைக்கவில்லை. ஒரு கிழவர் என் தோளில் தூங்கினார். டிரைவர் வளைவில் பிரேக் பிடிப்பதே இல்லை. என் வலது கால் தரையை மிதித்து மிதித்து மரத்துப்போயிற்று. வாயைத் திறக்கவில்லை.

இறங்கி நடந்தேன். எஸ்தர் பெஞ்சில்தான் இருந்தாள். என் வண்டிச் சத்தம் அவளுக்குத் தெரியும், அது கேட்காததால்தானோ என்னவோ, நான் கிட்டே போகும்வரை நிமிரவில்லை.

"வண்டி எங்க?"

"வூட்ல."

"அப்ப எதுல வந்தீங்க?"

"பஸ்ஸுல."

என் சட்டை கசங்கலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.