வீட்டுக்காரர் புலம்பல்

1967 ஜூன் 6, செவ்வாய்

கச்சான் காற்று. கோணேசர் மலைக்கே வேர்த்திருக்கும். சின்னராசா செத்து இருபத்துநாலாம் நாள்.

காலை மூதூரிலிருந்து அவன்ர தம்பி கணவதி வந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு, அதுதான் நினைவுப் புத்தகம், அச்சடிக்க வேணும். புலம்பல் பாட்டெல்லாம் நான்தான் எழுத வேணுமாம். ஏன் மாட்டேன்? துறைமுகக் கந்தோரில் கிளாக்கர் என்பது பேருக்கு. ஈரேழு உலகத்துக்கும் புலம்பல் சக்கரவர்த்தி நான். என் பாட்டைக் கேட்டு ஒருமுறை பிணமே அழுதது.

பிறகு தமையன்ர ட்ரங்குப் பெட்டியைத் திறந்தார். வேட்டி, கைக்கடிகாரம் எடுத்தார். கடிதக்கட்டைக் குப்பை என்று பின்வளவில் கொளுத்தினார். நான் கொழும்பில் வேலையாய் இருந்த இரண்டு வருசமும் அவனுக்கு எழுதினது. வாசித்துவிட்டுத்தான் கொளுத்தினார் போல. பிறகு என் முகம் பார்க்கவில்லை. நான் தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தேன். நான் வாய் திறந்தால் பொலிஸ், கோடு வழக்கு, சட்டம்.

ஜூன் 8, வியாழன்

எழுதி முடிந்தவை: தம்பி புலம்பல். தம்பி மனைவி புலம்பல். பெறாமக்கள் புலம்பல் (பெரியப்பாவை இரண்டே தரம் கண்டதுகள், எட்டு வரி கண்ணீர்). மனைவி புலம்பல் இல்லை. அண்ணர் கட்டாதவர், அதை விடுங்கோ என்றிருந்தார் கணவதி.

இருபத்திரண்டு வருசம். ஒரே கூரை, ஒரே குசினி, ஒரே பாய். ஊருக்கு அவன் என் வீட்டில் வாடகைக்கு இருந்த ஆள். எல்லார் வாயாலும் அழுதாச்சு. எனக்கு வாயில்லை.

ஜூன் 9, வெள்ளி

அச்சகம். காசிம் நானா எழுத்துக் கோத்தபடி சொன்னார், எட்டுப் பக்கத்தில் ஒன்று வெறுமையாய்க் கிடக்குதாம்.

"ஆரோ ஒருத்தரின்ர புலம்பல் விடுபட்டுப் போச்சுப் போல, கிளாக்கர்."

நிமிரவேயில்லை மனுசன்.

அங்கேயே வாங்குப் பலகையில் இருந்து எழுதினேன். பொய்யே இல்லாத பாட்டு, என் சீவியத்தில் முதல்தரம். தலைப்பு: வீட்டுக்காரர் புலம்பல்.

பின்னேரம் கணவதி புரூவ் பார்க்க வந்தார். குடியிருந்தவருக்கு வீட்டுச் சொந்தக்காரர் பாடினது, மரியாதைதான் என்றார். அவரின்ர மனைவி பறுவதம் தன் புருசனை நாள் முழுக்க அந்தச் சொல்லால்தான் சொல்லுவா: எங்கட வீட்டுக்காரர் சந்தைக்குப் போயிட்டார், எங்கட வீட்டுக்காரர் படுத்திட்டார். கடிதத்தை வாசித்த மனுசனுக்கே இது உறைக்கவில்லை. சிரிப்பைக் கொடுப்புக்குள் அடக்கினேன்.

வீட்டுக்கு வந்தால் சொல்லிச் சிரிக்க ஆளில்லை. சுவருக்குச் சொன்னேன்.

ஜூன் 11, ஞாயிறு

முதுகு நோவு. அரிசி, மண்ணெண்ணெய் முடிந்தது.

ஐம்பது வருசம் கழித்து ஒருவன் எழும்பி, இந்தத் துறைமுகத்தில் எங்களைப்போல ஆக்கள் இருந்ததே இல்லை, இது நேற்று வந்த வியாதி என்பான். சட்டம் வைத்திருக்கிறவனுக்கு அந்தக் கதை வசதி. இல்லாத ஆளுக்கு என்ன நியாயம்? ஒரு பக்கம் அச்சில் கிடந்தால் அவன்ர கதை கொஞ்சம் இடறும். நானாவிடம் பத்துப் பிரதி கூடுதலாய் அடிக்கச் சொன்னேன். ஒன்று நூலகத்துக்கு. மற்ற ஒன்பதும் ஆருக்கு? இந்த ஊரில் இன்னும் எத்தனை வீட்டுக்காரர், தெரியாது.

ஜூன் 13, செவ்வாய்

மூதூர். காலை லோஞ்சுப் படகு. அந்தியேட்டிக்குச் சனம் ஒரு லட்சம். சரி, அறுபது.

கணவதி கல்வெட்டை உரத்து வாசித்தார். என் பக்கம் வந்ததும் ஒரு கிழவர், வாடகை போன துக்கமாக்கும் என்று பகிடி விட்டார். சிரிப்பு. நானும் சிரித்தேன். பறுவதம் சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் தானே வாசித்தா. இரண்டு தரம்.

பின்னேரம் இறங்குதுறை வரைக்கும் கூட வந்தா, சோற்றுப் பார்சலோடு. இவ்வளவு வருசமும் அவனை அத்தான் என்றும் என்னைக் கிளாக்கர் ஐயா என்றும் கூப்பிட்டவ.

"கவனமாய்ப் போயிட்டு வாங்கோ, அத்தான்."

பார்சலை வாங்கிக்கொண்டு ஏறினேன். லோஞ்சு வெளிக்கிட்டுவிட்டது.