ஐந்துதான் என்றாய்

போன வாரம் சித்தூரிலிருந்து பாலக்காடு போகும் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மடியிலிருந்து புகையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வேறு நாளாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். அன்று முடியவில்லை. அந்தக் காரமான வாசனை பட்டதும் என் கெண்டைக்கால் இரண்டும் சில்லிட்டன. தேங்காய் எண்ணெயில் ஊறவைத்த புகையிலையை நீ என் கால்களில் அழுத்தித் தேய்த்துவிட்ட காலை நேரம் நினைவுக்கு வந்தது. "அசையாம நில்லு, ஏட்டி. ஒரு எடம் விட்டுப்போனாலும் காட்டு அட்டைக்குத் தெரிஞ்சிரும்" என்று அதட்டினாய். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அன்று நீ என்னைக் கூட்டிப்போன இடத்தைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உன்னிடமே சொல்லிவிடுகிறேன்.

சித்தூர் கல்லூரியில் நாம் இருவரும் தாவரவியல் சேர்ந்தபோது விடுதியில் ஒரே அறை. நான் நெல்லும் தென்னையும் வைத்திருக்கும் குடும்பம். வாரம் ஒருமுறை வீட்டுக்கு ஓடுகிறவள். நீ பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். உன் அம்மா கொழுந்து கிள்ளிப் படிக்கவைத்தார். நான் 'என்ற', 'உன்ற' என்று பேசினால் நீ சிரிப்பாய். நீ 'சொல்லுதேன்' என்றால் நான் சிரிப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ தனியாக ஆற்றோரம் நடந்துகொண்டிருப்பாய். கையில் எப்போதும் ஒரு நோட்டு.

அந்த நோட்டை முதன்முதலாகப் புரட்டிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு பெரணி இலையை வரைந்து, பக்கத்தில் 'சிற்றிலைகள் பதினோரு ஜோடி. பன்னிரண்டாவது இருந்த இடம் கிழிந்திருக்கிறது. இருந்ததா, தெரியவில்லை' என்று எழுதியிருந்தாய்.

"பன்னெண்டுன்னே எழுதிப்போட வேண்டியதுதானே புள்ள. புஸ்தகத்துல பன்னெண்டுன்னுதான இருக்குது?"

"புஸ்தகம் எழுதுனவரு அவரு பாத்தத எழுதுனாரு. நான் பாத்தத நான் எழுதுதேன்."

இருபது வயதில் இதை ஒரு பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் எவ்வளவு பலம் இருந்தது என்று தெரிய எனக்குப் பத்து வருஷம் ஆனது.

படிப்பு முடிந்து நான் கிருஷி பவன் என்ற விவசாய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நீ உன் மலைக்கே திரும்பி, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனாய். வருஷத்தில் இரண்டு தடவை உடுமலை வழியாக மறையூர் ஏறி உன்னைப் பார்க்க வருவேன். ஒரு வைகாசியில் நீயே கூப்பிட்டாய். "கொஞ்சம் வந்துட்டுப் போறியா? போன்ல சொல்ற விஷயமில்ல." கல்யாணம் ஏதோ முடிவாகிவிட்டது என்று நினைத்துப் புடவை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். நீ புடவையை வாங்கிக் கொடியில் போட்டுவிட்டு, என் கால்களுக்குப் புகையிலை தேய்க்க ஆரம்பித்தாய்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு மேலே, தேயிலை முடியும் இடத்தில் சோலைக்காடு தொடங்குகிறது. அரைமணி நேரம் ஏறினோம். பாசி மூடிய பெரிய கல்லும், அதன் கீழே ஓர் ஓடையும் இருந்த இடத்தில் நீ நின்றாய். என்னைக் கல்லில் உட்காரவைத்துவிட்டு நீ நின்றுகொண்டே சொன்னாய். போன ஞாயிறு, பகல் மூன்று மணி. தனியாக வந்திருக்கிறாய். ஓடைக்கரையில் குனிந்து ஒரு காசித்தும்பையை வரைந்துகொண்டிருந்தவள், ஓடைச் சத்தம் நின்றுபோனதால் தலைநிமிர்ந்திருக்கிறாய்.

"தண்ணி நிக்கல. ஓடிட்டுத்தான் இருந்துச்சு. சத்தம் மட்டும் இல்ல. அந்தா, அந்தக் கல்லு மேல ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நடந்து போச்சுதுக. ஒரு ஜாண் ஒசரம் இருக்கும். மனுஷ ரூபம்தான்."

"என்ன நெறம்?"

"கண்ணாடி கிளாஸ்ல தண்ணிய ஊத்தி வெயில்ல வெச்சா ஓரத்துல ஒரு நெறம் தெரியுமே, அது."

"தட்டானா இருக்கும் புள்ள."

"நானும் அதத்தான் மொதல்ல நெனச்சேன். தட்டான் நடக்காதுல்லா?"

எனக்கு மயிர் கூச்செறிந்தது. எங்கள் வாய்க்கால் கரையில் வெள்ளையடித்த ஏழு கல் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைப்போம். கன்னிமார் என்று பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்த ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"ஏழு பேருதானே?" என்று கேட்டேன்.

"அஞ்சு எண்ணினேன். அஞ்சாவது நின்னு திரும்பி என்னையப் பாத்துச்சு. அப்ப பனி மஞ்சு எறங்கிருச்சு. அதுக்கு மேல தெரியல."

"பயமா இல்லியா?"

"இல்லடி. வீட்டுக்கு வந்த விருந்தாளியப் பாக்குற மாதிரி பாத்துச்சு. எனக்குத்தான் கையில நோட்டு வெச்சிருந்தது கூச்சமா இருந்துச்சு."

நோட்டைக் காட்டினாய். ஒரே ஒரு வரி. 'பகல் மூன்று மணி. ஓடைக்கரைக் கல். ஐந்து. என்னவென்று தெரியவில்லை.' படம் வரையவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "வரைஞ்சா நானே கூடக் கொஞ்சம் போட்ருவேன்" என்றாய். அதன்பிறகு பதினோரு ஞாயிறு அதே நேரத்துக்கு அங்கே போய் உட்கார்ந்தாய். எதுவும் வரவில்லை. உனக்கு அதில் வருத்தமும் இல்லை.

உன் அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாய். அம்மா கொழுந்து கிள்ளும்போது ஒருத்தியிடம் சொன்னார். எடை போடும் நேரத்துக்குள் எல்லா லயங்களுக்கும் தெரிந்துவிட்டது.

அந்த வருஷம்தான் தோட்டத்துக்கு வெளியே ஒரு ரிசார்ட் எழும்பிக்கொண்டிருந்தது. சோலைக்குள் பாதை வெட்டி மேலே காட்சிமேடை கட்ட வேண்டும், ஓடையிலிருந்து குழாய் போட்டு நீச்சல்குளத்துக்குத் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று பஞ்சாயத்தில் மனு கொடுத்திருந்தார்கள். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் லயங்கள் எல்லாம் குடித்தன. பெண்கள் கொதித்துப்போயிருந்தார்கள். இந்தச் செய்தி காதில் விழுந்ததும் அவர்களுக்கு ஒரு வழி தெரிந்தது. கன்னிமார் குடியிருக்கும் இடம் என்று டீச்சரே எழுந்து சொன்னால், எந்தத் தொழிலாளி அங்கே மரத்தில் கோடாலி வைப்பான்?

மூத்த தொழிலாளி முனியம்மாக்கா பத்துப் பெண்களோடு உன் வீட்டுக்கு வந்தார். "டீச்சர், அஞ்சுன்னா ஆளுக சந்தேகப்படுவாக. ஏழுன்னு சொல்லிருங்க. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். நீ காப்பி கொடுத்து அனுப்பினாய், வாக்குக் கொடுக்கவில்லை. மறுநாள் ரிசார்ட்காரரும் வந்தார். அவருக்கும் உன் கதை பிடித்துப்போயிருந்தது. 'தேவதைப் பாதை' என்று பலகை வைக்கலாம், நீ வீடியோவில் இரண்டு நிமிஷம் பேசினால் போதும் என்றார். அவருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினாய்.

எனக்கு நீ இதையெல்லாம் போனில் சொன்னபோது நான் பெண்கள் பக்கம்தான் நின்றேன்.

"ஏழுன்னு சொல்லிப்போடு. ரெண்டுதானே கூடச் சொல்லோணும்? ஒரு காடே நிக்குமல்ல."

"நீயுமா என்னையப் பொய் சொல்லச் சொல்லுத?"

"இது பொய்யா புள்ள? நல்லதுக்குத்தான?"

"ரெண்டக் கூட்டினா அந்த அஞ்சும் பொய்யாப் போயிரும்டி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. நானும் வீம்பாக இருந்தேன். உன் நேர்மையைவிட உன் கர்வம்தான் உனக்குப் பெரிது என்று என் அம்மாவிடம் சொன்னேன். அதற்கு இன்று வெட்கப்படுகிறேன்.

கூட்டம் நடந்த நாளில் மனம் கேட்காமல் புறப்பட்டு வந்துவிட்டேன். பள்ளிக்கூட வராந்தாவில் பஞ்சாயத்து மெம்பரும் ஆபீசர்களும் நாற்காலியில் இருந்தார்கள். லயத்துப் பெண்கள் தரை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். மெம்பர் மலையாளத்தில் உன்னைக் கேட்டார், டீச்சர் அங்கே தெய்வத்தைப் பார்த்தது நிஜமா என்று.

நீ எழுந்தாய். "அஞ்சு உருவம் பாத்தேன். தெய்வமான்னு எனக்குத் தெரியாது. பூச்சியா, வெளிச்சமா, என் கண்ணுல கோளாறான்னும் தெரியாது. ஏழு நான் பாக்கல" என்றாய். முனியம்மாக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். பின்வரிசையில் ரிசார்ட்காரர் சிரித்தார். எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம்.

ஆனால் நீ உட்காரவில்லை. பையிலிருந்து நோட்டுகளை எடுத்து மேசைமேல் அடுக்கினாய். "ஆனா தெரிஞ்சது கொஞ்சம் இருக்கு. அதச் சொல்லுதேன்" என்றாய். ஒன்பது வருஷம் அந்த ஓடைக்குப் போனவள் நீ. எந்தக் கோடையில் தண்ணீர் எந்தக் கல்வரை இறங்கியது, மேலே இரண்டு மரம் விழுந்த வருஷம் ஊற்று எத்தனை நாள் கலங்கி வந்தது, எந்தத் தவளை எந்த மாதம் கத்தியது, எல்லாம் தேதியோடு இருந்தது. அரைமணி நேரம் வாசித்தாய். தெரியாத இடத்தில் தெரியாது என்றும் வாசித்தாய். ஆபீசர்களில் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நோட்டை எடுத்துப் புரட்டத் தொடங்கினார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் அவர் மெதுவாகச் சொன்னதை நான் கேட்டேன். தேவதை விஷயத்தில்கூட ஒன்றும் சேர்க்காதவள், தண்ணீர் விஷயத்தில் எதற்குச் சேர்க்கப்போகிறாள்?

முழுவதும் ஜெயித்துவிட்டோம் என்று சொன்னால் நீ என்னைத் திருத்துவாய். பாதை பாதிவரை வந்தது. கீழ்ச்சரிவில் சில நல்ல மரங்கள் போயின. குழாய்க்கு அனுமதி கிடைக்கவில்லை. ஓடைக்கு மேலே யாரும் கைவைக்கவில்லை.

அடுத்த மாதம் பெண்கள் சோலை வாசலில் கல் நட்டார்கள். நீயும் நானும் போய்ப் பார்த்தோம். மஞ்சளும் குங்குமமும் வைத்து, வரிசையாக ஐந்து கற்கள். நம் ஊர்ப்பக்கம் எங்கேயும் இப்படிப் பார்த்ததில்லை. நான் முனியம்மாக்காவிடம் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க, கன்னிமாருன்னா ஏழு பேருதானுங்களே?"

"டீச்சர் கூட்ட மாட்டாக. அதான் நாங்க கொறச்சுக்கிட்டோம்" என்றார் அவர்.

நீ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாய். சிரிக்கிறாய் என்று நினைத்தேன். கையை விலக்கியபோதுதான் அழுதிருக்கிறாய் என்று தெரிந்தது. எத்தனையோ பேர் எத்தனையோ வாங்கிக் கொடுத்துக் கௌரவம் செய்கிறார்கள். ஒரு பெண்ணின் பேச்சை மதித்து ஓர் ஊரே தன் தெய்வங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

போன ஆடி மழையில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்தது. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, "நெசமாலுமே அது என்னவா இருக்கும்?" என்று கடைசியாக ஒருமுறை கேட்டேன். கண்ணைத் திறக்காமலே, "தெரிஞ்சா சொல்ல மாட்டேனா" என்றாய். உன் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

இந்தப் பங்குனியில் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். மறுநாள் தனியாகச் சோலைக்கு ஏறினேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் காட்டுக்குள் தனியாக. மூன்று மணிக்கு முன்பே கல்லில் போய் உட்கார்ந்தேன். ஓடை ஓடியது, அதன் சத்தம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஒரு தவளை வந்து வெகுநேரம் என்னோடு உட்கார்ந்திருந்தது. மூடுபனி இறங்கி விலகியது. பாசியின்மேல் வெளிச்சம் பட்டபோதெல்லாம் எழுந்து குனிந்து பார்த்தேன். ஐந்து மணிக்கு எழுந்து இறங்கினேன்.

உன் அம்மா லயத்து வாசலிலேயே நின்றிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில், "இப்ப ஆறா இருப்பாகன்னு எனக்குத் தோணுது. எம் மக அங்கதான் சேந்திருப்பா. நீ பாத்தியாம்மா?" என்றார்.

ஒரே ஒரு சொல் போதும். அந்தக் கிழவியின் முகம் விரிந்திருக்கும். ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அந்தச் சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லதுக்குத்தானே என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன்.

"பாக்கலைங்கம்மா" என்றேன். "ரெண்டு மணி நேரத்துக்கு மேல உக்காந்திருந்தேனுங்க. ஒரு தவளை வந்துச்சு. வேற யாரையும் நான் பாக்கலைங்க."

அவர் என் கையை விடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இல்லன்னு சொல்லல நீ. பாக்கலன்னுதான் சொன்ன" என்றார். ஆமாம் என்று தலையசைத்தேன். "அப்ப அடுத்த மட்டம் வரும்போதும் போய்ப் பாரு. பாத்தா எங்கிட்டச் சொல்லு" என்று சொல்லி எனக்குச் சோறு போடக் கூட்டிப்போனார்.

ஆவணிக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். போவேன். எத்தனை தடவை போனாலும், கண்டதை மட்டும் உன் அம்மாவிடம் வந்து சொல்வேன். கீழே இறங்கி வரும்போது அவர் வாசலில் நின்று காத்திருப்பார். நான் சொல்வது எதுவானாலும் அவர் நம்புவார். நீ எனக்கு விட்டுவிட்டுப் போனது அந்த நம்பிக்கை. கெடாமல் பார்த்துக்கொள்கிறேன்.