ஆறாவது அட்டை

மார்ச் 18, செவ்வாய்க்கிழமை, மாலை 4.20. டப்பாவில் இருக்கும் மாத்திரை பத்தொன்பது. இருக்க வேண்டியது இருபத்தொன்பது.

அன்புள்ள நண்டுவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் எழுந்து நடமாடும் அளவில் இருக்கிறோம். எல்லோரும் நலம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன், ஆனால் இதில் பொய் எழுதுவதில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன், அதனால் அந்த அளவோடு விடுகிறேன். நீ நலமா என்று கேட்கத்தான் இத்தனை பக்கமும். எழுத்து கோணலாக இருக்கிறது, சிரிக்காதே, கை இன்னும் லேசாக நடுங்குகிறது. போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ இல்லை என்பாய், நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்குவாள், கடைசியில் யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போகும். மதியம் இரண்டு முறை உன் எண்ணை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். இன்றைக்கும் நாளைக்கும் ஸ்கூட்டரைத் தொடாதே, பஸ்ஸில் போ என்று அம்மா காரணம் சொல்லாமல் மெசேஜ் போட்டிருப்பாளே, அந்தக் காரணத்தைத்தான் எழுதுகிறேன். நாளை மதியத்துக்குள் உன் கையில் சேர்ந்துவிடும் என்று கூரியர்காரர் சொல்கிறார்.

முதலில் என் கதை. நீ போன மாதம் விடுதியிலிருந்து நான்கு நாள் வந்திருந்தபோது நான் தூக்க மாத்திரை போடுவதைப் பார்த்தாய். லிஃப்ட் பழுது என்று எந்த நேரமும் அழைப்பு வரும் வேலை, போன் அடிக்காத நாளிலும் அடிக்கப்போகிறதே என்று விழித்துக் கிடந்தேன், டாக்டர் பதினான்கு நாளைக்கு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வைத்து எட்டு மாதம் ஓட்டினேன். மருந்துக்கடைக்காரர் நம் கட்டட லிஃப்டில் என்னைத் தினமும் பார்ப்பவர், முகத்துக்காகக் கொடுத்தார், நானும் முகத்தைக் காட்டி வாங்கினேன். முதல் மாதம் அருமையாக வேலை செய்தது. அப்புறம் அது தூக்கத்துக்கான மாத்திரையாக இல்லை, மாத்திரை இல்லாவிட்டால் தூக்கமில்லை என்று ஆகிவிட்டது. இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்குப் புரிய எட்டு மாதம் பிடித்தது, இதில் நான் டிப்ளமோவில் முதல் வகுப்பு.

மார்ச் மூன்றாம் தேதி ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் பராமரிப்பு வேலை. லிஃப்டுக்குக் கதவு மூடினால்தான் நகர வேண்டும் என்று ஒரு காவல் உண்டு. சோதனை செய்யும்போது அந்தக் காவலைக் கொஞ்ச நேரம் ஏமாற்ற ஒரு துண்டு வயர் போடுவோம், ஜம்பர் என்போம். சிவப்பு வயர், எண் ஒட்டியது, ஆளுக்கு நான்கு. நான்கு எடுத்துப் போனால் நான்கு திரும்ப வேண்டும், எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது, புதிதாக வருகிறவனுக்கு நான் முதல் நாளே மண்டையில் அடித்துச் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். அன்றைக்கு வேலையை முடித்துவிட்டு வண்டியில் ஏறியாயிற்று. நம் ஸ்பானர் மாமாதான் கூட வந்த ஆள், அவருக்குச் சும்மா உட்காரத் தெரியாது, என் பையைத் திறந்து எண்ணினார். மூன்று. திரும்ப ஓடினோம். நாலாவது மாடியில் ஒரு பெண்மணி கை நிறையக் கோப்போடு லிஃப்டுக்குள் ஒரு காலை வைத்திருந்தார், கதவு திறந்தபடியே இருக்க லிஃப்ட் கிளம்பியது. ஸ்பானர் மாமா அவரை முதுகுப் பக்கமாகப் பிடித்து இழுத்தார். கோப்பு போயிற்று, செருப்பு ஒன்று போயிற்று, அவ்வளவுதான். பதிவேட்டில் நான்கு ஜம்பரும் கழற்றப்பட்டன என்று எழுதி என் கையெழுத்து இருந்தது. நான் போட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. அன்றைக்குக் காலை எட்டு முதல் பத்து வரை நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை தெரியாது. மாமா திட்டவில்லை. திரும்பும் வழியில், "மாப்ள, ஒரே கதைய இந்த வாரத்துல மூணு தடவ எங்கிட்ட சொல்லிட்ட. நானும் மூணு தடவ சிரிச்சிட்டேன், அது என் தப்பு" என்றார்.

என் ஞாபகத்தைத் தின்றது மாத்திரைதான் என்று வந்த கோபத்தில் அன்றைக்கே அதை நிறுத்தினேன். யாரையும் கேட்கவில்லை. பழுதான பொருள் என்றால் மெயினை அணைப்பது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். முதல் நாள் வியர்த்தது, இரண்டாம் நாள் சுவரில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது, மூன்றாம் நாள் காலை பல் தேய்க்கப் போனவன் குளியலறை வாசலில் வலிப்பு வந்து விழுந்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அம்மா தன் மடியில் என் தலையைச் சாய்த்துப் பிடித்திருந்தாளாம். நாக்கைக் கடித்ததில் இரண்டு நாள் கஞ்சிதான். எனக்கு வைரஸ் காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னது பொய், சொல்லச் சொன்னவன் நான். மருத்துவமனைக் கட்டிலில் கண் விழித்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "மேல போயிட்டிருக்கிற லிஃப்ட டக்குனு நிறுத்தினா உள்ள இருக்கிறவன் என்ன ஆவான்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பீங்களே, உங்களுக்கு யாரு எடுக்கிறது?" நாக்கு வீங்கியிருந்தது, டாக்டரைக் கூப்பிடு என்று கையால் காட்டினேன்.

இப்போதைய டாக்டரம்மா என்னை மாதிரி வளவள இல்லை. மறுபடி அதே மாத்திரையைத் தொடங்கி, பதினான்கு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு குறைக்க அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார். அட்டவணை என்றதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. வேலையில் உண்மையைச் சொல்லிவிட்டேன். டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை லிஃப்ட் பக்கம் போகக் கூடாது என்று கிடங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள், நட்டு போல்ட்டைப் பிரித்து வைக்கிறேன். அலுப்பாக இருக்கிறது. எதைச் செய்தாலும் ஈரத் துணியைச் சுமந்துகொண்டு படியேறுவது மாதிரி. அத்தை போன் செய்து எல்லாம் மனபயம், நடந்தால் சரியாகிவிடும் என்றாள். நடந்தேன், கால் வலித்தது.

இனி உன் கதை. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் எடுத்து வா என்று டாக்டர் சொன்னதால் இன்றைக்கு எண்ணினேன். பிப்ரவரி பன்னிரண்டில் வாங்கியது ஆறு அட்டை, அட்டைக்குப் பத்து, டப்பா மேல் தேதி எழுதியிருக்கிறேன். அன்று முதல் நேற்றுவரை, நிறுத்திய மூன்று நாள் போக, தின்றது முப்பத்தொன்று. நானே கூடுதலாகத் தின்றுவிட்டு மறந்திருப்பேனோ என்றும் பார்த்தேன், என் ஞாபகத்தை இப்போது நானே நம்புவதில்லை. ஆனால் காலி அட்டையை நான் எறிவதில்லை, அதே டப்பாவில்தான் போடுவேன். காலி மூன்று, ஒன்பது மிச்சமுள்ளது ஒன்று, முழுசு ஒன்று. ஆறாவது அட்டை இந்த வீட்டில் இல்லை. அம்மா தொடவில்லை. நீ வந்திருந்தபோது இது நிஜமாகவே தூங்க வைக்குமா அப்பா என்று கேட்டாய். நான் தலையைக்கூட நிமிர்த்தாமல் சுவிட்ச் போட்ட மாதிரி என்றேன். அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப எடுக்க முடிந்தால் நாக்கை இன்னொரு தரம் கடித்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை போனில், ஆய்வக மேடத்தின் மூக்குக்கண்ணாடி ஜாடிக்குள் விழுந்த கதையைச் சொன்னாய். பத்து நிமிடம் கழித்து அதே கதையை, அதே சிரிப்போடு, முதல் தடவை சொல்வது மாதிரி சொன்னாய். அம்மா இரண்டு முறையும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, கவனித்திருப்பாய், அல்லது கவனித்திருக்க மாட்டாய், அதுதான் என் பயம்.

திட்ட எழுதவில்லை. எத்தனை போட்டாய், எப்போது போட்டாய், தீர்ந்த பிறகு வெளியே வாங்கினாயா, இது மூன்றும் தெரிந்தால்தான் டாக்டரால் சொல்ல முடியும். போனில் கேட்டேன், எப்போதாவது ஒன்று என்றால் பெரிதாகப் பயப்பட வேண்டாம், தினமும் என்றால் என்னை மாதிரி நீயாக நிறுத்திவிடாதே, அங்கே ஒரு டாக்டரைப் பார்த்து அவர் சொல்கிறபடி செய் என்கிறார். அதுவரை ஸ்கூட்டர் வேண்டாம். இருமல் மருந்து, வலி மாத்திரை எதையும் கேட்காமல் இதோடு சேர்க்காதே. தோழிகளோடு எங்காவது போய்க் குடிப்பதாக இருந்தால், அது எனக்குத் தெரியக் கூடாத விஷயம், ஆனால் இரண்டும் சேர்ந்தால் மூச்சே மெல்ல நின்றுபோகும், அது எனக்குத் தெரிந்த விஷயம். விடுதியில் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்திருந்தால் அவளிடமும் சொல். தூங்காமல் ஒரு தேர்வு எழுதினால் மார்க் குறையும், அவ்வளவுதான். உனக்கும் எனக்கும் இருபது வயதுதான் வித்தியாசம், உன் தோழிகள் உன் அண்ணனா என்று கேட்கிற அப்பன், அதனால் பெரிய மனுஷன் மாதிரி அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு எப்போதும் இருந்ததில்லை. எண்ணத் தெரியும், அது ஒன்றுதான். அதையும் ஒருநாள் மறந்தேன்.

நீ நிம்மதியாகத் தூங்கி, தானாக விழித்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அம்மா தன் பங்குக்கு ஒரு முத்தம் எழுதச் சொல்கிறாள். சாப்பிடாமல் படிக்காதே. அந்த அட்டையை எறிந்துவிடாதே, மிச்சம் எவ்வளவு என்று எண்ணி வை.

உன் அப்பா
(இந்தக் கையெழுத்தைப் போட்டது ஞாபகம் இருக்கிறது.)

இனி நான் செய்யப் போவது:

1. இந்தப் பத்தொன்பதையும் இப்போதே அம்மாவிடம் ஒப்படைப்பேன். தினமும் அவள் எடுத்துக் கொடுப்பாள்.
2. வியாழன் முதல் முக்கால் மாத்திரை.
3. மருந்துக்கடைக்காரரிடம் பழைய சீட்டைக் கிழித்துக் கொடுத்து, இனி என் முகத்துக்கு எதுவும் தராதீர்கள் என்பேன்.
4. அந்தக் கோப்புப் பெண்மணியைப் பார்த்து மன்னிப்புக் கேட்பேன். செருப்பும் வாங்கித் தருவேன்.
5. நாளை மாலை ஆறு மணிக்கு உனக்குப் போன் செய்வேன். எடுக்காவிட்டால் வியாழன் காலை பஸ், ஸ்பானர் மாமா கூட வருவார். எடுத்தால் ஒரே ஒரு எண்ணைத்தான் கேட்பேன். எந்த எண்ணைச் சொன்னாலும் கத்த மாட்டேன். கத்தினால் பிடுங்குவதற்கு அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.