வாயிலேயே அடங்கிய அலை

உன் மடிக்கணினியைத் திறந்ததும் தைல வாசம் வந்தது. தலைவலிக்கு நெற்றியில் தேய்த்த கையோடு நீ தட்டிய விசைகள் இவை. நேற்று உன் அம்மா இதை என்னிடம் நீட்டி, "ரெண்டு பேரும் சேந்து செஞ்சதெல்லாம் இதுலதானே இருக்கு, நீயே வச்சிக்கம்மா" என்றார். வாங்கிக்கொண்டேன். இப்போது தங்கை தூங்கிய பிறகு, வெளிச்சம் தெரியாமல் போர்வைக்குள் இருந்து உனக்கு எழுதுகிறேன்.

கரங்கான் ஊரில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான், அறிவியல் போட்டிக்காக அந்தக் குழாயைக் கணினிக்குள் கட்டினோம். உலோகக் குழாயைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒரு முனையில் மின்காந்த அலையைத் தூண்டிவிட்டு, அது கணத்துக்குக் கணம் எதுவரை போகிறது என்று பார்ப்போம். அதிர்வெண் கூடிய அலை மறுமுனை வரை ஓடியது. அதிர்வெண் குறைந்த அலையோ ஏழாவது கட்டத்துக்குள் அடங்கிப்போனது.

உன் அலைக்கும் உன்னைப் போலவே தலைவலி என்று கேலி செய்தேன். நீயும் சிரித்தாய். பிறகு சொன்னாய்: "தப்பு இல்லடி. இந்த அலைக்குக் குழாய் அகலம் பத்தல. அதான் உள்ள போகல லா."

நான் நம்பவில்லை. மாவட்டப் போட்டியன்று நீ மருத்துவமனையில் இருந்தாய். நின்றுபோன அலையைக் காட்டினால் நடுவர்கள் சிரிப்பார்கள் என்று பயந்து, அந்தப் படத்தை நீக்கிவிட்டேன். மறுமுனை வரை போவதுபோல ஒரு வளைகோட்டை நானே வரைந்து வைத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. முதல் பரிசு கொடுத்தார்கள்.

அன்று மாலை உன் கட்டிலருகே பதக்கத்தை நீட்டினேன். நீ அதைப் பார்க்கவே இல்லை.

"நின்னு போச்சே, அந்த அலையையும் காட்டினியா?"

"காட்டினேன்" என்றேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். அடுத்த வாரம் நீ இல்லை.

இன்று உன் கோப்புகளைப் பார்த்தேன். கடைசியாகச் சேமித்ததில் குழாயின் அகலத்தை மட்டும் இரண்டு மடங்காக்கியிருந்தாய். ஓடவிட்டேன். அதே அலை மறுமுனை வரை போனது. என்னை நம்பவைக்கத்தான் செய்திருப்பாய். எனக்குக் காட்ட உனக்கு நாள் கிடைக்கவில்லை.

நாளை மறுநாள் அலோர் ஸ்டாரில் மாநிலப் போட்டி. என் பொய்ப் படம் பெரிதாக அச்சாகிப் பள்ளியில் நிற்கிறது. அதன் கீழே என் பெயரோடு உன் பெயரும் இருக்கிறது. காலையில் டீச்சரிடம் சொல்ல வேண்டும். பதக்கத்தைத் திருப்பிக் கேட்பார்கள், அப்பாவைக் கூப்பிடுவார்கள்.

உன் பழைய கோப்பை மறுபடி ஓடவிட்டேன். குறுகிய குழாய், ஏழாவது கட்டம். அலை அடங்கியது. அந்தப் படத்தைப் பென்டிரைவில் ஏற்றிப் பள்ளிப்பையில் வைத்துவிட்டேன்.

காட்டினேன் என்று உன்னிடம் சொன்னதை இனிமேல்தான் காட்டப் போகிறேன்.