பக்கம் 41-இல் சிவப்பு மை

12, திங்கள்
வெயில். முறுக்கு மாவு அரைக்கக் கொடுக்க வேண்டும். முட்டிக்குத் தைலம்.

மருமகள் வளர்மதி காலை பஸ்ஸில் மயிலம் போய்விட்டாள், கல்லூரிக்கு. புதனன்று விழுப்புரத்தில் அவளுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. ஆய்வேடு மேசைமேல். புரட்டினேன். பங்குகளில் எவ்வளவு போடுவது, பேங்கில் எவ்வளவு விடுவது என்பதற்குக் கணிதம். விலையின் ஏற்ற இறக்கம் கரடுமுரடாக இருந்தால் எப்படி என்று. பக்கம் 41: கரடுமுரடுக்கான எண் 0.1. நான் எம்.எஸ்ஸி.யில் படித்தது அரை. முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சர். கை சும்மா இருக்குமா. சிவப்பு மையால் அடித்து 0.5 போட்டேன். ஓரத்தில், ‘அடிப்படையே தெரியவில்லை.’

அவள் படித்தது கெடார் கிராமத்துப் பள்ளிக்கூடம், வேறென்ன.

13, செவ்வாய்
வ. வர நேரமாயிற்று. ஏட்டைப் பிரிக்காமலே பையில் வைத்தாள். சொல்லியிருக்கலாம். தானே பார்த்துக் கூசட்டும் என்று இருந்துவிட்டேன். உண்மை அதுதான்.

14, புதன்
விழுப்புரம். புழுக்கம். நான் கடைசி வரிசை, பட்டுப்புடவை.

வ. நிதானமாகப் பேசினாள். அரை என்பது பழைய முறையாம். நிஜ விலைகளின் ஏற்ற இறக்கத்தை அளந்தால் 0.1-ஐ ஒட்டித்தான் வருகிறதாம். அதனால் இன்றைய நிலவரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, நடந்தது முழுக்கக் கணக்கில் வரும் என்றாள். எனக்குக் காது சுட்டது.

அவள் பையிலிருந்து எடுத்துப் பார்வைக்கு வைத்திருந்த ஏட்டைத் தேர்வாளர் புரட்டினார். 41-இல் நின்றார்.

“அடிப்படையே தெரியலன்னு யாரும்மா எழுதினது?”

வ. எட்டிப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

“நான்தான் சார். ஆரம்பத்துல எனக்கே நம்பிக்கை வரல.”

“உன்னையே நீ திட்டிக்கினியா?”

அரங்கு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

பட்டம் உறுதி. திண்டிவனம் வரும் வரை பஸ்ஸில் மல்லாட்டை வாங்கிக் கடலையை உரித்து என் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். நான் தின்றேன்.

15, வியாழன்
தூறல். மாவு வந்தது, கொரகொரப்பு.

தலை வாரிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். “நேத்து அதை எழுதினது நான்னு எழுந்து சொல்லியிருக்கணும், வளர்.”

“பார்த்ததுமே தெரிஞ்சிதுங்க அத்தை. சம்பந்தம் பேச எங்கப்பா உங்களுக்கு எழுதின கடுதாசியத் திருத்தித் திருப்பி அனுப்பினீங்களே, அதே மை.”

சீப்பை வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அந்தக் கடிதத்தில் ஏழு பிழை. எண்ணிக்கை நினைவிருக்கிறது. அவர் என்ன எழுதியிருந்தார் என்பது நினைவில்லை.