பயிர் எழுதாத பில்

3-9-1996, செவ்வாய்

திருச்சி ரோடு நெடுக மஞ்சள் போஸ்டர். 'நீ ஏன் பிறந்தாய்? பத்தே நாளில் கண்டுபிடி.' காலை ஆறு மணிக்கு மண்டபத்தில் வகுப்பாம். இருபத்தேழு வருஷம் காலை ஆறு மணிக்கு மில் கேட்டில் நின்ற அப்பாவை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஷிப்டு முடிந்தால் தூக்கம், தூக்கம் முடிந்தால் ஷிப்டு.

மில்லை மூடி எட்டு மாதமாகிறது. அப்பா வாசலைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். காலையில் நான் கிளம்பும்போதும் அங்கேதான், திரும்பும்போதும் அங்கேதான். அம்மா செத்தபோதுகூட இப்படி உட்காரவில்லை. அப்போது மில் இருந்தது. 'என்னங்கப்பா யோசனை?' என்று கேட்கலாம். கேட்டு என்ன செய்ய? என்னிடம் இன்னொரு மில்லா இருக்கிறது?

கடையில் நிற்க இடமில்லை. பருத்தியிலும் தக்காளியிலும் ஒரே சமயத்தில் பூச்சி விழுந்துவிட்டது. பி.எஸ்ஸி. தாவரவியல் படித்த நான் பூச்சிமருந்து பாட்டிலைத் தாளில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். முதலாளி அழகிரிசாமிக்கு ஒரு பல்லவி உண்டு. "பேரு, ஊரு, பயிரு. மூணையும் கேட்டு எழுதாம பாட்டில் ரேக்கை விட்டு எறங்கக் கூடாது சசி." இருநூறு பேர் காத்து நிற்கும்போது இது ஒரு சடங்கு.

4-9, புதன்

சாயங்காலம் ஒரு அம்மா வந்தார். ஐம்பது இருக்கும். கஞ்சி போட்ட சேலை, தங்க வளையல், இடது புருவத்தில் சின்னத் தழும்பு. காலில் ஒரு பொட்டு மண் இல்லை.

"புழுவுக்கு ஒரு மருந்து குடுங்க கண்ணு. சின்ன பாட்டிலே போதும்."

எடுத்து வைத்தேன். பில் போட்டுக்கொண்டிருக்கும்போது, "ஏங்கண்ணு, நாமெல்லாம் எதுக்குப் பொழைச்சுட்டு இருக்கறோம்னு உங்களுக்கு எப்பவாச்சும் தோணுமா?" என்றார். போஸ்டர் கேஸ் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்குப் பின்னால் பத்துப் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அதெல்லாம் சோத்துக்குக் கவலை இல்லாதவங்களுக்குத் தோணறதுங்க. வேலை இருக்கறவனுக்குத் தோணாது" என்றேன்.

"அப்படிப் போடு அருவாளை!" என்றார் வரிசையில் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். "சரியாச் சொன்னீங்க" என்று பையை நீட்டினார். கல்யாணத் தாம்பூலப் பை. மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் ஒரு முழம் நீளத்துக்குப் படிப்பு, கடைசியில் பிராக்கெட்டில் அமெரிக்கா. பெண்ணுக்கு வெறும் 'பிந்து'. பையிலும் அவன்தான் பெரியவன். பாட்டிலை நானே அதற்குள் வைத்தேன்.

நல்ல பதில் சொன்னேன். ரொம்ப நாளாக யாருக்காவது சொல்ல வேண்டும் என்றிருந்தது.

5-9, வியாழன்

பில் புக்கைக் கணக்கில் ஏற்றும்போது பார்த்தேன். நேற்று சாயங்காலத்துக் கார்பன் தாள் ஒன்று. மருந்தின் பெயர், அளவு. மற்ற மூன்று கட்டமும் வெள்ளை. பேர் இல்லை. ஊர் இல்லை. பயிர் இல்லை.

காலில் மண் இல்லாத அம்மா.

இந்த விதி எப்போது வந்தது என்று பழைய ஆள் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். பத்து வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடையில் வாங்கிப் போன மருந்தைக் குடித்து ஒரு பெண் போய்விட்டதாம். எந்தப் பயிருக்கு என்று கேட்டால் விவசாயி பத்து நிமிஷம் பேசுவான். இலை சுருண்டது, பூ கொட்டியது, பக்கத்துக் காட்டுக்காரன் என்ன அடித்தான் என்று எல்லாம் சொல்வான். அடிக்கிற அளவைக் கேட்காமல் அவன் போகவே மாட்டான். அந்த அம்மா கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டார். அதற்கு நான் என்ன சொன்னேன்?

வீட்டில் பூச்செடிக்காக இருக்கலாம். முருங்கையில் கம்பளிப்புழுவாக இருக்கலாம். இருக்கலாம். இருக்கணும்.

6-9, வெள்ளி

பேப்பரில் இல்லை. எல்லாச் சாவும் பேப்பரில் வருமா?

மதியம் சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு பெரியாஸ்பத்திரி வரை போனேன். கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினேன். யாரைக் கேட்டு விசாரிப்பது? பேர் தெரியாது, ஊர் தெரியாது. இரண்டையும் எழுதியிருக்க வேண்டியவன் நான்தான். முதலாளியிடம் சொல்ல வாய் வரவில்லை.

கொலைகாரன் என்ற வார்த்தை பஸ்ஸில் மூன்று முறை வந்தது. வேலை இருக்கிறவனுக்குத் தோணாதாமே. எனக்கு வேலை இருக்கிறதே, எனக்கு ஏன் தோணுது?

7-9, சனி

பை! பிந்து. சூலூரில் மண்டபம். ஆகஸ்டு 28. எரிச்சலோடு படித்ததால் ஒரு எழுத்தும் மறக்கவில்லை.

8-9, ஞாயிறு

சூலூர் மண்டபத்து வாட்ச்மேன் பெண் வீட்டைக் காட்டிவிட்டார். பெரிய வீடு, வாசலில் இன்னும் கல்யாண வாழைமரம் வாடி நிற்கிறது.

"பிந்து கல்யாணத்துல குடுத்த பையைப் பத்திக் கேக்கோணுங்க" என்று ஆரம்பித்தேன். எவ்வளவு முட்டாள்தனமான ஆரம்பம். பெண்ணின் சித்தப்பா என் சட்டையைப் பிடித்துவிட்டார். "யாருடா நீ? காலேஜா? புள்ளைய கட்டிக்குடுத்து பதினஞ்சு நாள் ஆகலை, லெட்டர் கிட்டர் வெச்சிருக்கியா?"

"அய்யோ இல்லைங்க, நான் பூச்சிமருந்துக் கடைங்க!"

"மருந்தைக் குடிச்சுப்போடுவேன்னு மெரட்டறயா?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நிஜமாகவே அழுதேன், வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு. அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. உள்ளேயிருந்து ராசாத்தாள் என்ற பெரியம்மா வந்து, "உடுங்க அவனை, என்னன்னு சொல்லட்டும்" என்றார். அடையாளம் சொன்னேன். புருவத்துத் தழும்பு என்றதும், "நம்ம கோமளா. ஒண்ணுவிட்ட தங்கச்சி. இருகூர்ல தனியா இருக்கறா" என்றார். "எதுக்குக் கேக்கறே கண்ணு?"

"பாட்டில் மாத்திக் குடுத்துட்டனுங்க." பொய். வேறு எதைச் சொல்ல?

தெருவும் வீடும் சொன்னார். கடைசியாகப் பார்த்தது கல்யாணத்தன்று என்றார். ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. நேராக இருகூர் பஸ் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. பயம். போய்ச் சேர்ந்து, வாசலில் பந்தல் போட்டிருந்தால்?

9-9, திங்கள்

இன்று போனேன். நாலு மணிக்கே தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

தெருமுனையில் திரும்பியதும் பார்த்தேன், அந்த வீட்டு வாசலில் கூட்டம். பெண்கள் கூட்டம். ஒரே சத்தம். மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்துவிட்டது, நீதான், நீதான் என்று காதுக்குள் அடித்தது.

பிறகுதான் குடங்கள் தெரிந்தன. பச்சை, சிவப்பு பிளாஸ்டிக் குடங்கள். அந்த வாசலில்தான் தெருக்குழாய் இருக்கிறது. தண்ணீர் வந்துவிட்டிருந்தது. கூட்டத்துக்கு நடுவே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "ஏனுங் சின்னாத்தாக்கா, நாலு கொடம் ஆச்சு உங்களுக்கு, நவுருங்க!" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது அந்த அம்மாதான்.

என்னைக் கண்டதும் குடத்தை அப்படியே விட்டார். அடையாளம் தெரிந்துவிட்டது. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். வீட்டில் முருங்கை இல்லை. ஒரு தொட்டிச் செடிகூட இல்லை.

"எந்தப் பயிருக்குங்க வாங்குனீங்க?" என்றேன். ஐந்து நாள் தாமதமாக.

அவர் சிரித்தார். "கத்திரிக்குன்னு சொல்லோணும்னு பஸ்ஸுல வாரப்பவே நெனைச்சுட்டு வந்தேன் கண்ணு. காய்ப்புழுன்னு கேட்டு வெச்சுட்டு வந்தேன். நீங்க கேக்கவே இல்லை."

நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். அவர் குடத்தைத் துடைத்தபடி பேசினார். பெரிய காரணம் எதுவும் இல்லையாம். மாமியாரைக் கடைசிவரை பார்த்து அனுப்பினார், வீட்டுக்காரரைப் பார்த்து அனுப்பினார், மகளைக் கட்டிக்கொடுத்தார். "ஒவ்வொண்ணா முடிச்சுப்போட்டேன். அப்புறம் காலைல எந்திரிச்சா எதுக்குன்னு தெரியலை. அந்தப் பத்து நாள் கிளாசுக்குக் கூடப் போனனுங்க. அங்க போனதும் அவங்க பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. நீங்களும் சொன்னீங்க."

"அப்ப ஏனுங்க..." முடிக்க முடியவில்லை.

"ஏன் இன்னும் பண்ணலைன்னா? ஊடு அழுக்கா கெடந்துது. நாலு பேரு வந்து போற எடம். கழுவி வெச்சுட்டுத்தான்னு நெனைச்சேன். வியாழக்கெழமை தண்ணி வரும்னாங்க, வரலை. வெள்ளி வரலை. சனி, ஞாயிறு..." நிறுத்தினார். "இன்னைக்கு வந்துருச்சு."

முற்றத்தில் விளக்குமாறும் பினாயிலும் எடுத்து வைத்திருந்தது.

இந்த ஊர்த் தண்ணீர் லட்சணத்தைப் பற்றி நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன். மனுவில் கையெழுத்துக்கூடப் போட்டிருக்கிறேன்.

பாட்டிலைக் கேட்டேன். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தார். சீல் உடைக்கவில்லை. கொடுத்துவிட்டார், தட்டாமல் கொடுத்துவிட்டார், அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "நாளைக்கு வேற கடைக்குப் போயி வாங்கிப்போடுவீங்களே?" என்று உடைத்தே கேட்டேன். அவர் அரிசி டின் மூடியை அழுத்திச் சாத்தினார். நான் வெளியே போய் சின்னாத்தாளைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த அம்மாவை வைத்துக்கொண்டே. சின்னாத்தாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கோபம் வந்துவிட்டது. "நாலு கொடத்துக்கு அந்தக் கத்து கத்துனியே, இதுக்கு ஒரு வார்த்தை கத்தியிருக்கப்படாதா அம்மணி? எம்பாயைக் கொண்டாறேன். இனி இங்கதான் படுப்பேன். உன்ற மககிட்டயும் நான் பேசோணும், நம்பரைக் குடு."

வாசல் தெளித்திருந்தது. இரண்டு பேரும் வாசல்படியில் உட்கார்ந்திருக்கும்போது கிளம்பினேன். வீடு கழுவப்படவில்லை.

10-9, செவ்வாய்

பாட்டில் என் சாப்பாட்டுப் பையில். கடையில் திருப்பி வைக்க முடியாது. முதலாளி ரேக்கை எண்ணுகிறவர், எங்கிருந்து வந்தது என்பார். குளத்தில் ஊற்றலாம் என்று சிங்காநல்லூர் குளக்கரை வரை போனேன். வலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மீன் அவர்கள் வீட்டுச் சோறு. திரும்பிவிட்டேன்.

வீட்டில் எங்கே வைப்பது? நாள் முழுக்க அப்பா தனியாக இருக்கும் வீடு. இந்த எண்ணம் இன்றைக்குத்தான் வந்தது. எட்டு மாதமாக வராத எண்ணம். பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்.

11-9, புதன்

அப்பா என்னையே பார்க்கிறார். சோறு இறங்கவில்லை.

12-9, வியாழன்

மதியம்.

காலையில் எழுந்தபோது பை லேசாக இருந்தது. பாட்டில் இல்லை. கட்டிலில் அப்பா இல்லை.

எட்டு மாதத்தில் அந்தக் கட்டில் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. குளியலறை, கொல்லை, மாடி. அப்பா, அப்பா என்று தெருவில் கத்தியிருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள், எனக்கு நினைவில்லை. மில் கேட்டுக்கு ஓடினேன். பூட்டு, துரு, வேறொன்றுமில்லை. குளக்கரைக்கு ஓடினேன். கண்டதெல்லாம் வேட்டியாகத் தெரிந்தது. இருகூரில் போய் ஊரைக் காப்பாற்றினாயே, வீட்டில் ஒரு வார்த்தை கேட்டாயாடா? கேட்டு என்ன செய்யன்னு எழுதினியே, இப்ப என்ன செய்யப்போறே?

கடைசியில், போலீசுக்குப் போன் போட கடைக்கு ஓடினேன். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே மேஜைமேல் பாட்டில். அதன் முன்னால் அப்பா, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங் மொதலாளி, எம்பையன் இதை எதுக்குங்க வாங்குனான்? உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமுங்களா?"

சத்தம் கேட்டுத் திரும்பினார். என் தோளை இரண்டு கையாலும் பிடித்தார். வலித்தது. "சோறு திங்க மாட்டேங்கறே. தூங்க மாட்டேங்கறே. மூணு நாளா பையைக் கீழ வெக்க மாட்டேங்கறே. நான் என்னன்னு நெனைக்கறது சாமி?"

"நான் உங்களை நெனைச்சுத்தானுங்கப்பா ஓடியாந்தேன்."

"என்னையா?"

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்படியெல்லாம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதை இங்கே எழுதாமல் விட முடியாது. சொல்லவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன், முதலாளி முன்னாலேயே. அவர் பில் புக்கைப் புரட்டி அந்தக் கார்பன் தாளைக் கண்டுபிடித்தார். திட்டுவார் என்று நின்றேன். "மூணே கேள்விடா" என்றார். "நான் அன்னைக்குக் கேக்காத மூணு கேள்வி." அந்தப் பத்து வருஷத்துக்கு முந்தைய பாட்டிலை எடுத்துக்கொடுத்தது யார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

16-9, திங்கள்

முதலாளி என்னை விதை விற்கும் பக்கம் மாற்றிவிட்டார். சரிதான்.

காலையில் அப்பாவிடம் கேட்டேன், "என்னங்கப்பா யோசனை?" கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பிறகு மில்லில் தன் மெஷின் எந்த வரிசையில் எத்தனாவது என்று சொன்னார். அவ்வளவுதான். நானும் பதில் எதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் நான் உள்ளே நுழைந்ததும் என் பையை வாங்கி, தூக்கிப் பார்த்துவிட்டு மாட்டினார்.

19-9, வியாழன்

இருகூரில் இன்று தண்ணீர் வரும் நாள். போகாமல் இருக்க முடியவில்லை. அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

ஐந்து மணிக்கு வந்தது. அப்பா வாசலில் கிடந்த ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு நேராகக் குழாய்க்குப் போனார். "ஏனுங்க பெரியவரே, வரிசை இருக்குதுங்க!" என்று கோமளா அம்மா அப்பாவை அதட்டினார். அப்பா குடத்தோடு பின்னால் போய் நின்றார். சின்னாத்தாளின் குறட்டையில் பத்து நாளாகத் தூக்கமே இல்லை என்று அந்த அம்மா எல்லாரிடமும் புகார் சொன்னார். மகள் அடுத்த வாரம் வருகிறாளாம். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டேன். "இன்னைக்குக் கேட்டீங்கன்னா, இருக்கேன் கண்ணு" என்றார்.

திரும்பும் வழியில் அந்த மஞ்சள் போஸ்டர் மழையில் உரிந்து தொங்கியது. அப்பா நின்று முழுவதும் படித்தார். பஸ் ஏறும்வரை நான் அவர் கையை விடவில்லை.

அடுத்த தண்ணீர் இருபத்தொன்பதாம் தேதி என்கிறார்கள். வராமலும் போகும். மறக்காமல் வட்டம் போட்டு வைக்கலாம் என்று காலண்டர் பக்கம் போனேன். அப்பா ஏற்கெனவே போட்டிருந்தார்.