ஹாலில் தொங்கக் கூடாத படம்

மாமல்லபுரம்
4-1-2025

அதிதிக்கு,

நலமா என்று கேட்கும் கட்டத்தை நாம் இருவரும் தாண்டிவிட்டதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் எண்ணை நீ பிளாக் செய்திருப்பதால்தான் தபாலில் எழுதுகிறேன்.

நேற்று என் சிலையை இறக்கிவைக்கச் சதுரங்கப்பட்டினம் ஹாலுக்குப் போயிருந்தேன். ‘ஆணுடல்’ கண்காட்சிக்கு ருக்ஸார் எட்டுப் பேரை அழைத்திருப்பது தெரியும். அதில் நீயும் ஒருத்தி என்று அந்தப் புண்ணியவதி வாயைத் திறக்கவில்லை. போட்டோ, வீடியோ, துணியில் தைத்த உருவம் என்று என்னென்னவோ வந்திருந்தன. கிரேனிலிருந்து சங்கிலியைக் கழற்றும் நேரத்தில், என் பட்டறைத் துரை சுவரில் சாய்த்திருந்த, கரியால் வரைந்த ஒரு படத்தின் முன்னால் போய் நின்றான். ஆளுயரத் தாள். குளியலறை முக்காலியில் ஒருத்தன் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு, தொப்பை மடிய உட்கார்ந்து அழுகிறான்.

“அண்ணாத்த, இது நீதானே? வலது தோளு தூக்கிகினு கீது பாரு. இன்னாத்துக்கு அழுவுற?” என்றான் துரை. கூட வந்த ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அவர்களை நாளை நான் எப்படி வேலை வாங்குவது? ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்து, மணிபோல ஒலிக்கிற ஆண் கல்லாகத் தேடியெடுத்து, மழைக்காலம் முழுக்கச் செதுக்கிய வீரன் அங்கே நிற்கிறான். அவனுக்கு எதிரே உன் அழுமூஞ்சி. புருஷனை வரைய உனக்கு யார் அனுமதி கொடுத்தது? மரியாதையாகச் சொல்கிறேன், படத்தை இறக்கு.

ஹர்ஷவர்தன்


செங்கல்பட்டு
8-1-2025

திருவாளர் சிற்பி ஹர்ஷவர்தன் அவர்களுக்கு,

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு இந்த மரியாதை முதல் வரியோடு போதும்.

உன் வீரனை நானும் பார்த்தேன். பொத்தேரி ஜிம்மில் எவனையோ போட்டோ எடுத்து வந்து செதுக்கியிருக்கிறாய். இரண்டு தோளும் அச்சில் வார்த்த மாதிரி சமம். வாளைக் கையில் கொடுத்திருக்கிறாயே, அதை ஒருநாளாவது தூக்கியவனின் தோளா அது? சுத்தியல் பிடித்தே ஒரு பக்கம் ஏறிப்போன உன் தோளை நான் வரைந்தேன், துரை பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டான். இதைவிட எனக்கு வேறு பாராட்டு வேண்டாம்.

அனுமதி கேட்டாயா என்கிறாய். சிரிப்பு வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீச்சல் குளம் இருக்கிற ரிசார்ட் ஒவ்வொன்றிலும் குடத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறாளே உன் நீர்மகள், அந்த இடுப்பு யாருடையது? கல்யாணமான புதிதில் என்னை நிற்கவைத்து அளவெடுத்தாய். “நமக்கு மட்டும்தான்” என்றாய். போன மாதம் என் ஓவிய வகுப்பு மாணவிகளோடு ஒரு ரிசார்ட்டுக்குப் போனேன். எவனோ குளித்துவிட்டு ஈர ஜட்டியை அவள் தோளில் காயப்போட்டிருந்தான். மாணவிகள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன் மானம் மட்டும் கற்பூரம், என்னுடையது கருங்கல்லா?

நான் படத்தில் வரைந்தது எந்த நாளை என்று உனக்குத் தெரியும். குறை என்னிடம் இல்லை, உன்னிடம்தான் என்று டாக்டர் சொன்ன சாயங்காலம். குழாயைத் திறந்துவிட்டு அழுதாய். நான் கதவைத் தள்ளியபோது துண்டை இழுத்து மூடிக்கொண்டாய். சொன்னால் நம்ப மாட்டாய், உன்னை எனக்கு மிகவும் பிடித்திருந்த நாள் அது. உன் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்தேன், நினைவிருக்கிறதா?

அடுத்த வாரமே உன் அம்மா பாலாம்பாள், உன் சித்தி பார்வதத்தை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: “உன் வவுறு தொறக்கலன்னா எம்புள்ள இன்னா பண்ணுவான்?” நீ டிவி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தாய். சோபா இடுக்கில் கைவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை தேடினாய்.

படம் இறங்காது.

அதிதி


மாமல்லபுரம்
11-1-2025

அதிதிக்கு,

நாக்கில் நரம்பில்லாமல் எழுதியிருக்கிறாய். உன்னை அழகாக்கித்தான் நிறுத்தினேன், அசிங்கப்படுத்தவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே.

கண்காட்சித் திறப்புக்கு அம்மா வருகிறாள். மகன் சிலையைப் பார்க்க வேண்டுமாம், சித்தியையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். அந்தப் படத்தைப் பார்த்தால், ஏன்டா அழுவுற என்று கேட்பாள். நான் என்ன சொல்வது? உனக்கு வேண்டியதும் அதுதானே?

உனக்கு வேறொன்றும் வேண்டும் என்று எனக்குத் தெரியும். கோர்ட்டில் நம் விவாகரத்தின் கடைசி விசாரணைக்கு வந்து நான் சம்மதம் சொல்ல வேண்டும். நான் வராமல் இழுத்தடிக்கிறேன் என்று உன் வக்கீல் புலம்புவதாகக் கேள்வி. சரி, 22ஆம் தேதி வருகிறேன். நீதிபதி கேட்டால் சம்மதம் என்கிறேன். பதிலுக்கு அந்தப் படம் கோர்ட் வாசலில் என் கைக்கு வந்துவிட வேண்டும். அது அந்த ஹாலில் தொங்கக் கூடாது. விடுதலையா, படமா? நீயே முடிவு செய்.

ஹர்ஷவர்தன்


செங்கல்பட்டு
15-1-2025

ஹர்ஷா,

பொங்கலுக்குக்கூட ஒரு நல்ல வார்த்தை எழுதத் தோன்றவில்லை உனக்கு. எனக்கும் தோன்றவில்லை.

மூன்று நாள் யோசித்தேன். இரண்டு வருஷமாக எந்தப் படிவத்திலும் ‘திருமணமானவரா’ என்ற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. பேரம் பேசுகிற உன் புத்தியைப் பார்த்து அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் எனக்கு விடுதலை வேண்டும். 22ஆம் தேதி வா. படத்தைச் சுருட்டி எடுத்து வருகிறேன். நீ உள்ளே சம்மதம் சொன்ன பிறகுதான் தருவேன்.

அதிதி


மாமல்லபுரம்
24-1-2025

அதிதிக்கு,

எல்லாம் முடிந்தது. தீர்ப்பு நகலை உன் வக்கீல் வாங்கிக்கொள்வார்.

படத்தை அன்று மாலையே பட்டறையில் உளி காய்ச்சும் உலையில் போட்டுவிட்டேன். துரைதான் துருத்தியை அழுத்தினான். தாள் நல்ல கெட்டி, எரிய நேரம் பிடித்தது. அதை வரைய உனக்கு எத்தனை மாதம் ஆயிற்றோ, பாவம். ஒரு காலத்தில் உன் கையை நினைத்துப் பெருமைப்பட்டவன்தான் நான். ஆனால் அந்தப் படம் இல்லாத உலகத்தில் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.

திறப்பன்று ஹாலில் உனக்கு ஒதுக்கிய சுவர் காலியாக இருக்கும் என்று நினைக்கிறேன். வருத்தம்தான்.

ஹர்ஷவர்தன்


சதுரங்கப்பட்டினம்
28-1-2025

ஹர்ஷா,

கையெல்லாம் கரி. அதனால் தாளில் விரல் ரேகை படிந்திருக்கும், பொறுத்துக்கொள்.

கல்லில் வேலை செய்கிறவன் நீ. சிலை உடைந்தால் வேலை போயிற்று. ஒரு கல்லில் செய்ததை இன்னொரு கல்லில் செய்ய இன்னொரு மழைக்காலம் வேண்டும். அதனால்தான் தாளைக் கேட்டாய், வாங்கினாய், எரித்தாய். கோர்ட் வாசலில் அதை நீ கட்டிப்பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் இரக்கமாக இருந்தது. அந்தச் சாயங்காலத்தை நான் எத்தனை முறை வரைந்து வரைந்து எறிந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.

காலியான சுவரைப் பார்த்து ருக்ஸார் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். “ஏணி இருந்தால் கொடு” என்றேன். மூன்று நாளாகச் சுவரிலேயே வரைகிறேன். பன்னிரண்டடி உயரம். தொங்கக் கூடாது என்றாய், அதனால் எதையும் தொங்கவிடவில்லை. கண்காட்சி முடிந்ததும் வெள்ளையடித்துவிடுவார்கள், கவலைப்படாதே.

ஒரே ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். இந்த முறை துண்டு இல்லை. முழு முகமும் இருக்கிறது, அன்றைக்கு நான் பார்த்த முகம். கோணலாக வரையவில்லை. கோபத்தோடு ஏணியில் ஏறினேன், வாய்ப்பக்கம் வந்ததும் கை தானாக மெதுவாகிவிட்டது. பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனிதனின் வாய் அது. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மன்னிக்கவில்லை.

டாக்டர் சொன்னதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. இனிமேலும் சொல்லமாட்டேன். படத்துக்குப் பக்கத்தில் தலைப்புக்கூட எழுதவில்லை.

சனிக்கிழமை திறப்பு. அம்மாவைக் கண்டிப்பாக அழைத்து வா. ஏன்டா அழுவுற என்று கேட்டால், நான் பக்கத்தில் நின்று உனக்குப் பதிலாகத் திட்டு வாங்க மாட்டேன். நீயே பதில் சொல்.

அதிதி